பட்டன் இல்லாத பஸ்

கௌரியக்காவோடு பஸ்ஸில் போவதென்றால் எனக்கு எரிச்சல் வரும். சூரிச்சில் ஓர்லிகோன் ஸ்டேஷனடியில் ஏறினால் நாங்கள் இருவரும் வேலை செய்த முதியோர் இல்லத்துக்குச் சில தரிப்புகள்தான். இறங்குகிற இடம் வருவதற்கு முன்னால் கம்பியில் இருக்கிற சிவப்புப் பட்டனை அமத்த வேண்டும். அமத்தினால் பஸ் நிற்கும், அமத்தாவிட்டால் நிற்காது. பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கௌரியக்கா அமத்த மாட்டார். பட்டன் அவருடைய தோளில் இடித்துக்கொண்டிருந்தாலும் அமத்த மாட்டார். வேறு யாராவது அமத்துகிறார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். ஒருவரும் அமத்தாவிட்டால் அடுத்த தரிப்பில் இறங்கிப் பனிக்குள்ளால் திரும்பி நடந்து வருவார். வேலைக்குப் பிந்தி வந்து ஷெஃபினிடம், அதாவது மேலாளர் அம்மாவிடம், பேச்சு வாங்குவார். அவருக்காக நானும் சில நாள் வாங்கியிருக்கிறேன்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அமத்தினால் கரண்ட் அடிக்குமே?"

"நீ அமத்து யசோ. நீ கெட்டிக்காரி" என்று சிரித்தார்.

சிரிப்போடு கதையை முடித்துவிடுவதில் அவர் கைகாரி. மனிசிக்கு ஏதோ ஒரு விசர் என்று நானும் விட்டுவிட்டேன். விசர் இல்லாதவர் எங்களில் யார்?

ஜெயகௌரி என்பது முழுப்பெயர். கிளிநொச்சிப் பக்கத்தவர். தொண்ணூறாம் ஆண்டு சுவிசுக்கு வந்தவர். கணவர் பாலச்சந்திரன் சூரிச்சில் ஓர் உணவகத்துக் குசினியில் வேலை செய்தார். ஒரு மகன் இங்கேயே பிறந்து, படித்து, பேர்ண் பக்கம் வேலையோடு போய்விட்டான். நாங்கள் இருவரும் முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதி. மேல் மாடிகளில் இருக்கிற கிழவர் கிழவிகளின் படுக்கை விரிப்பு, துவாய், சட்டை எல்லாம் எங்கள் கையால்தான் போய் வரும்.

அங்கே அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மேலே யாராவது செத்துப்போனால் அந்த ஆளின் உடுப்பைக் கடைசியாகத் தோய்த்து மடிக்கிற வேலையை வேறு யாருக்கும் விடமாட்டார். பிள்ளைகள் வந்து வாங்கிப்போய் அநேகமாகக் குப்பையில்தான் போடுவார்கள். அது தெரிந்தும் ஒவ்வொரு சட்டையையும் காலர் மடிப்பு வரைக்கும் அயர்ன் பண்ணுவார்.

"குப்பைக்குப் போற உடுப்புக்கு ஏனக்கா இந்தப் பாடு?" என்று கேட்டால், "ஆரோ ஒராள் ஆறுதலாத் தொட்டு அனுப்பத்தானே வேணும்" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. சிறீதரன் என்று பெயர். தாய் செத்தபோது அவனுக்கு நடை பழகுகிற வயது, கௌரியக்காவுக்குப் பத்து. தகப்பன் குடியே கதி என்று இருந்த மனிதர். ஆகவே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். ரீச்சர் பாடம் நடத்த, அவன் மேசைக்குக் கீழே இருந்து சோக்குத் துண்டு தின்பானாம். இதைச் சொல்லும்போது மட்டும் கௌரியக்கா வாய்விட்டுச் சிரிப்பார். "நான் சொன்னால் செய்வான். ஏன் எதுக்கு எண்டு கேக்கமாட்டான்" என்று பெருமையாகச் சொல்லுவார். தம்பி இப்போது எங்கே என்று கேட்டால், "தூரத்திலை" என்பதோடு சரி.

அந்தத் தூரம் எது என்று எனக்குத் தெரியவந்தது 2016இல். அவருக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைத்து, சிவப்புப் பாஸ்போர்ட் கைக்கு வந்த கிழமை. பௌசை நேரம், அதாவது தேநீர் இடைவேளையில், பாஸ்போர்ட்டை எனக்கு முன்னால் வைத்தார். கேக் வாங்கிக்கொண்டு வந்திருப்பார் என்று பார்த்தால், மனிசி கண்ணெல்லாம் சிவந்துபோய் இருக்கிறார்.

"யசோ, உனக்கு இங்கிலீஷ் தெரியும். என்னோடை ஒரு இடத்துக்கு வாறியே?"

"எங்கை?"

"கரிபியனிலை ஒரு தீவு."

நான் சிரித்துவிட்டேன். எங்களுக்கு இன்டர்லாக்கன் போய் வருவதே பெரிய பாடு. அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னார்.

யுத்தம் முடிந்த 2009 வைகாசிக்குப் பிறகு, யார் மிச்சம் யார் இல்லை என்று அறிந்து முடிக்கவே எங்கள் எல்லோருக்கும் மாதக்கணக்கானது. சிறீதரனும் மனைவி சுலோஜனாவும் சின்னப் பிள்ளையான மகள் கோபிஷாவும் முகாமில் உயிரோடு இருக்கிறார்கள் என்று செய்தி வந்த அன்று கௌரியக்கா சலவைப் பகுதியில் ஈர விரிப்புக் குவியலில் இருந்து அழுதாராம். நான் அப்போது அங்கே வேலைக்குச் சேரவில்லை. முகாமை விட்டு வெளியே வந்த பிறகும் அவனை விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இனி அங்கே வைத்திருக்க ஏலாது என்று கௌரியக்கா முடிவெடுத்தார். சுலோஜனாவின் அண்ணன் கனடாவில் இருந்தார். அங்கே போக ஓர் ஏஜென்சிக்காரன் வழி சொன்னான். விமானத்தில் அந்தத் தீவு, தீவிலிருந்து படகில் இன்னொரு தீவு, பிறகு கனடா. அவன் கேட்ட காசோடு கௌரியக்காவின் தாலிக்கொடியும் போனது. அதைப்பற்றி அவர் ஒருநாளும் முணுமுணுத்தது கிடையாது.

ஆட்களைக் கொண்டுபோகிற ஏஜென்சிக்காரர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. குடும்பத்தை ஒன்றாக வைக்க மாட்டார்கள். தீவில் பெண்களும் பிள்ளைகளும் ஒரு வீடு, ஆண்கள் ஒரு வீடு. வெளியில் ஒருவரையொருவர் கண்டால் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. வாய் திறக்கக்கூடாது. அந்தத் தீவில் எங்களைப் போலவே முகமுள்ள இந்திய வம்சத்து ஆட்கள் இருக்கிறார்கள். பேசாமல் இருந்தால் அவர்களில் ஒருவராகப் போய்விடலாம், பேசினால் அகப்படுவோம் என்பது அவர்கள் கணக்கு. படகு புறப்படுகிற நாளில் பெண்களும் பிள்ளைகளும் டாக்சியில் போவது, ஆண்கள் ஒவ்வொருவராகப் பஸ்ஸில் போவது என்று ஏற்பாடு. டாக்சி நிறைய எங்கட பெடியள் போனால் பொலிஸ் நிறுத்திப் பார்க்குமாம்.

புறப்படுவதற்கு முன் சிறீதரன் அக்காவுக்குப் போன் எடுத்தான். கௌரியக்கா முதியோர் இல்லத்துப் படிக்கட்டில் நின்று கதைத்தார்.

"அக்கா, கரையோரமா ஒரு நீலத் தேவாலயம் வருமாம். அதடியிலை இறங்கட்டாம். இறங்கவேணும் எண்டு ஆரிட்டைச் சொல்லுறது?"

"ஒருத்தரிட்டையும் சொல்லாதை. கம்பியிலை சிவப்புப் பட்டன் இருக்கும். தேவாலயத்தைக் கண்ட உடனை அமத்து. தன்பாட்டிலை நிக்கும்."

"இஞ்சையும் பட்டன் இருக்குமே?"

"வெளிநாட்டு பஸ் எல்லாம் அப்பிடித்தானடா. என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதை."

எங்கட ஆட்களுக்கு வெளிநாடு என்றால் ஒரே நாடு. கட்டுநாயக்காவில் விமானம் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு வருவது எல்லாம் வெளிநாடுதான். அங்கே குளிரும், குழாயில் சுடுதண்ணி வரும், பஸ் நேரத்துக்கு வரும். கௌரியக்கா சூரிச்சைத் தவிர வேறொரு வெளிநாடு காணாதவர். ஊரில் கொண்டக்டர் சத்தம்போட்டு இறக்கிவிடுகிற பஸ், வெளிநாட்டில் பட்டன் அமத்துகிற பஸ். மூன்றாவதாக ஒரு வகை பஸ் உலகத்தில் ஓடும் என்று அவருக்கு ஏன் தோன்றப்போகிறது?

அன்றே மறுபடியும் போன் வந்தது.

"அக்கா, பஸ்ஸிலை பட்டன் இல்லை. இறங்கேலாமல் போச்சு. படகு போட்டுது."

பஸ் அவனை மலைக்கு அந்தப் பக்கம் கடைசி ஊர் வரை கொண்டுபோய்விட்டிருந்தது. வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தபோது கடற்கரையில் ஒருவரும் இல்லை. சுலோஜனாவும் கோபிஷாவும் படகில் போய்விட்டார்கள். கௌரியக்கா அப்போது கலங்கவில்லையாம். நல்லகாலம், தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், இவனை அடுத்த படகில் அனுப்பலாம் என்றுதான் நினைத்தாராம்.

அந்தப் படகு எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஏஜென்சிக்காரன் நம்பரை மாற்றிக்கொண்டு தலைமறைவானான். சுலோஜனாவின் அண்ணன் விசாரிக்காத இடம் இல்லை. ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. சிறீதரன் அதற்குப் பிறகு அக்காவின் அழைப்பை எடுக்கவேயில்லை. அவனோடு தீவில் ஒரே வீட்டில் இருந்து, வேறு வழியால் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்த மரியதாஸ் என்பவர் மட்டும் இடைக்கிடை செய்தி சொல்லுவார். அன்று பஸ் கொண்டுபோய் விட்ட அந்தக் கடைசி ஊரிலேயே அவன் தங்கிவிட்டானாம். டயர் கடைக்காரர் ஒருவர் வேலை கொடுத்து, இருப்பதற்குப் பத்திரமும் எடுத்துக் கொடுத்திருக்கிறாராம்.

"நான் பட்டன் எண்டு சொல்லாமல் இருந்திருந்தால், அவன் ஆரிட்டையாவது கேட்டு இறங்கியிருப்பான்" என்றார் கௌரியக்கா. "அவையளோடை போயிருப்பான்."

"போயிருந்தால் அவனும் செத்திருப்பான்" என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஓம். ஆனால் பிள்ளை தகப்பன்ரை கையிலை இருந்திருக்கும்."

பஸ் பட்டனை ஏன் தொடமாட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது.

"போன் எடுக்காதவனைத் தேடிப்போய் என்ன செய்யப்போறாய் எண்டு இவர் கேக்கிறார்" என்று கணவரைச் சொன்னார். "அவன் என்னைப் பேசவேணும் யசோ. வாய்க்கு வந்தபடி பேசட்டும். பேசி முடிஞ்சால் ஒருவேளை என்னோடை கதைப்பான். எனக்கு அது போதும்."

இப்படித்தான் நான் கரிபியன் பார்த்தேன்.

அந்தத் தீவின் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மீற்றர் என்ற சாமானே கிடையாது. ஏறுவதற்கு முன்பே கதைத்து முடித்துவிட வேண்டும், ஏறிய பிறகு கதைத்தால் எங்கள் பாடு. நான் கொழும்பில் வளர்ந்தவள், பேரம் பேச எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தலை நரைத்த ஒருவர் படிந்து வந்தார். வழி முழுக்க வானொலியில் தேவகீதம் ஓடியது. கயானாவா, டிரினிடாட்டா என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். சுவிட்சர்லாந்து என்றதும் காரை மெதுவாக்கிவிட்டு எங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர். எங்கே நிறுத்தினாலும் எங்கள் பெட்டியைத் தானே தூக்கினார்.

மறுநாள் பஸ். பஸ் என்பது சந்தைக்குப் பக்கத்தில் நிற்கிற வான் வண்டிகள். முன்கண்ணாடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதியிருக்கும். எங்களுக்குக் கிடைத்ததன் பெயர் 'பொறுமை'. ஆள் நிறையும்வரை அசையமாட்டேன் என்று அது நின்ற நிலைக்கு எங்களுக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. சூரிச்சில் டிராம் கொஞ்சம் பிந்தினாலே மணிக்கூட்டைத் தட்டிப் பார்க்கிற எங்களை, கொதிக்கிற வெயிலில், நெஞ்சில் வந்து இடிக்கிற பாட்டுச் சத்தத்தில் இருத்தி வைத்தார்கள். நடுவில் போகிற வழியிலும் மடிப்பு இருக்கைகளை விரித்து ஆட்களை அடைத்தார்கள். பின்னால் இருப்பவர் இறங்குவதென்றால் முன்னால் இருக்கிற பாதிப் பேர் எழும்ப வேண்டும். கடைசியாக ஏறிய ஒரு பெண், கேளாமல் பறையாமல் தன்னுடைய மகளைத் தூக்கிக் கௌரியக்காவின் மடியில் வைத்துவிட்டுக் கதவடியில் தொங்கிக்கொண்டாள். அங்கே அப்படித்தானாம். பள்ளிக்கூடச் சட்டை போட்ட சின்னப் பிள்ளை. யாருடைய மடி என்ற கூச்சமில்லாமல் கௌரியக்காவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டது. கௌரியக்கா அதன் முதுகில் கையை வைத்தபடி மூச்சும் விடாமல் இருந்தார்.

வான் கிளம்பிக் கரையோரமாகப் பறந்தது. கௌரியக்காவின் கண்கள் கூரையிலும் கம்பிகளிலும் அலைந்தன. அங்கே ஸ்பீக்கர்கள் மட்டும்தான் இருந்தன. கொஞ்சத் தூரத்தில் ஒரு கிழவி, "ஸ்டொப்பிங், டிரைவர்" என்று தொண்டை கிழியக் கத்தினாள். வான் நின்றது. பிறகு இன்னொருவர் கத்தினார், மறுபடி நின்றது. அவ்வளவுதான் அந்த ஊர் முறை. வாய் திறந்து கத்தினால் நிற்கும். என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதை என்று படிக்கட்டில் நின்று சொன்னவர் எனக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையை அணைத்துக்கொண்டு இருந்தார். நீலத் தேவாலயம் வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டயர் கடை ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. சிறீதரன் ஒரு டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றுக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பதுக்குள்தான் இருக்கும், தாடி பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தான். அடுத்த தெருவிலிருந்து வந்தவர்களைக் கேட்பதுபோல, "வாங்கோ அக்கா. இருங்கோ" என்றான்.

வானிலிருந்து கழற்றிய ஒரு பழைய சீற்றில் எங்களை இருத்தினான். தேத்தண்ணி போட்டுத் தந்தான். கௌரியக்கா கொண்டுபோன மிளகாய்த்தூளையும் வெயிலில் உருகிப்போன சொக்லேட்டையும் வாங்கி வைத்தான். பாலச்சந்திரன் அத்தான் சுகமோ, மகன் என்ன செய்கிறான் என்று மரியாதையாகக் கேட்டான். கௌரியக்கா, "தம்பி, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினால் எழும்பி அடுத்த டயருக்குப் போய்விடுவான். ஏசவில்லை, கோபிக்கவில்லை, அழவில்லை. பின்னேரம் எங்களை வானில் ஏற்றிவிட்டு, இறங்க வேண்டிய இடத்தை டிரைவரிடம் தானே சொன்னான்.

அடுத்த நாளும் போனோம். அதே தேத்தண்ணி, அதே மரியாதை. திரும்பி வரும்போது கௌரியக்கா சொன்னார்: "எனக்கு அடிச்சிருந்தால்கூடத் தாங்கியிருப்பன்."

நாங்கள் புறப்பட வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுகளில் அங்கே வான்கள் ஓடுவது அரிது. அந்த நரைத்த தலை டாக்சிக்காரரையே பிடித்துப் போனோம். அங்கிருந்து நேரே விமான நிலையம். அவர் மரத்தடியில் காரை விட்டுவிட்டுச் சீற்றைச் சரித்துக்கொண்டார். கடை பூட்டியிருந்தது. சிறீதரன் வெளியே அந்தப் பழைய சீற்றில் சும்மா இருந்தான். கௌரியக்கா பக்கத்தில் போய் இருந்தார். இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். நான் நின்று நின்று பார்த்தேன். பிறகு என்னால் முடியவில்லை.

"தம்பி, நான் உங்களுக்கு ஆருமில்லை. எண்டாலும் சொல்லுறன். இந்த மனிசி ஆறு வருசமா பஸ்ஸிலை பட்டனைத் தொடுறேல்லை. தெரியுமே உங்களுக்கு? தான் சொன்னதாலைதான் நீங்கள் படகை விட்டியள் எண்டு செத்துக்கொண்டிருக்கிறா. பேசிறதெண்டால் பேசுங்கோ. மன்னிக்கிறதெண்டால் மன்னியுங்கோ. இப்பிடி ஊமையா இருந்து கொல்லாதேங்கோ."

சிறீதரன் என்னைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"பட்டனோ?"

"நீதானே அண்டைக்கு போனிலை சொன்னனீ" என்றார் கௌரியக்கா. "பட்டன் இல்லை, இறங்கேலாமல் போச்சு எண்டு."

"அது வாயிலை வந்ததைச் சொன்னன் அக்கா. நீங்கள் ஏன் இறங்கேல்லை, ஏன் இறங்கேல்லை எண்டு கேட்டுக்கொண்டு நிண்டியள். எனக்கு வேறை சொல்லத் தெரியேல்லை."

யாரையும் பாராமல் சொன்னான்.

"சந்தையடியிலை வான் நிண்டது. ஆக்கள் நிறையட்டும் எண்டு. பக்கத்திலை ஒரு டாக்சி வந்து சனத்துக்குள்ளை மாட்டுப்பட்டு நிண்டுது. பாத்தால் சுலோவும் பிள்ளையும். தீவுக்கு வந்த நாளிலை இருந்து நான் பிள்ளையைக் காணேல்லை அக்கா, வேற வேற வீடுதானே. சுலோ என்னைக் கண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிட்டாள். அப்பிடித்தானே சொல்லி வைச்சிருந்தவங்கள். பிள்ளைக்கு என்ன தெரியும்? அப்பா எண்டு கூப்பிட்டாள். கண்ணாடியிலை தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். எனக்குப் பக்கத்திலை இருந்த மனிசி, உன்னைத்தான் பிள்ளை கூப்பிடுதோ எண்டு கையாலை காட்டிக் கேட்டுது. நான் இல்லை எண்டு தலையாட்டினன்."

கௌரியக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"டாக்சி போகேக்கை பிள்ளையின்ரை முகத்தைக் கண்டனான். பிறகு வான் வெளிக்கிட்டுது. எல்லாரும் கத்திக் கத்தி இறங்கினதைக் கேட்டனான், எப்பிடி இறங்கிறது எண்டு எனக்கு விளங்கினதுதான். படகிலை ஏறின உடனை பிள்ளையைத் தூக்கவேணும், என்னெண்டு சமாதானம் சொல்லுறது, அப்பா விளையாட்டுக்குச் செய்தது எண்டு சொல்லுவமோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தன். அந்த யோசினையிலை தேவாலயத்தை விட்டிட்டன். நிமிந்து பாக்கேக்கை வான் மலையிலை ஏறுது. நான் கடைசிச் சீற்று."

"அப்ப கத்தியிருக்கலாமே" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"இல்லை எண்டு தலையாட்டின ஆள் அக்கா நான். அதுக்குப் பிறகு வாய் வரேல்லை." அவன் கௌரியக்காவைப் பார்த்தான். "உங்களிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. போன் எடுத்தால் நீங்கள் பிள்ளையைப் பற்றிக் கதைப்பியள். அதுதான் எடுக்கேல்லை."

தம்பி தன்னை வெறுக்கவில்லை என்று கேட்க ஆறு வருடம் காத்திருந்தவர் கௌரியக்கா. கேட்டாகிவிட்டது. இனி அவருக்கு ஆறுதல் வரும் என்று நான் நினைத்தேன். அவர் எழும்பி அவனுக்கு முன்னால் போய் நின்றார்.

"இல்லை. பிழை என்ர."

"அக்கா..."

"வாயைத் திறக்காதை எண்டு சொன்னது ஆர்? நான். அதாலைதான் நீ கத்தேல்லை."

"அதில்லை அக்கா. நான் பிள்ளையைப் பாத்து—"

"தெரியாத மாதிரி இருக்கச் சொல்லித்தான் அந்த ஏஜென்சியைப் பிடிச்சது. பிடிச்சது ஆர்? நான். நான் சொன்னதை நீ செய்தனீ. உனக்கு இதிலை ஒரு பங்கும் இல்லை."

கடையில் காசு கொடுப்பதற்கு நான் நீ என்று இரண்டு பேர் பிடுங்குப்படுவதுபோல அக்காவும் தம்பியும் அந்தப் பழியைப் பிடித்து இழுத்தார்கள். அவன் இல்லை என்றான், அவர் ஓம் என்றார். மரத்தடியில் டாக்சிக்காரர் எழும்பிப் பார்த்துவிட்டு, சண்டை என்று நினைத்தோ என்னவோ, மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னை விடு" என்றார் கௌரியக்கா. குரல் உடைந்துவிட்டது. "எனக்கு வயசு போட்டுது. நான் அதைத் தூக்கிப் பழகிட்டன். ஆறு வருசம் தூக்கினவள் இன்னும் கொஞ்சக் காலம் தூக்குவன். நீ தனிய இருந்து இதைத் தூக்கேலாது ராசா. என்ர பிழை எண்டு சொல்லு. ஒருக்காச் சொல்லு."

சிறீதரன் அவரை நிமிர்ந்து பார்த்தான். அவர் சொல்வது உண்மையில்லை என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியாமல் இல்லை.

"சரி அக்கா" என்றான். "உங்கட பிழைதான்."

கௌரியக்கா அவனுடைய தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் சிறீதரன் அழுதான். மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி, ஊர் கேட்கச் சத்தம்போட்டு அழுதான்.